பெயர் வந்த வழி

காஞ்சீபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த நெசவாளர் குடும்பம் ஒன்று உண்டு. சென்ற மாதம் புடவை பார்க்கிற சாக்கில் அங்கே போயிருந்தேன். போனால், வீட்டில் பெரிய சரித்திர ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது!

ஆராய்ச்சியாளருக்கு வயது 14. வம்சாவளி எழுதிவரும்படி பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்களாம். தறிக்குப் பக்கத்தில் காகிதத்தை விரித்து, ஆறுமுகம், ஏகாம்பரம், கந்தசாமி, மறுபடியும் ஏகாம்பரம் என்று எழுதியிருந்தான். எல்லாம் சாமி பெயர்கள். அவன் தகப்பனார் பெயர் மட்டும் ராஜேந்திரன்.

"நாங்க சோழ ராஜா பரம்பரை. இதுதான் அத்தாட்சி!" என்றான் பெருமையாக.

"பெயரை வைத்து ரத்தத்தைச் சொல்ல முடியாதே, தம்பி" என்றேன். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய தலைமைச் சிற்பிக்குக் கல்வெட்டில் 'குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன்' என்று பெயர். அவர் ராஜாவின் பெயரைத் தாங்கியவர். ராஜா வீட்டுப் பிள்ளை அல்ல. 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்ததே, அதைப் படித்துவிட்டுப் பிள்ளைக்கு அருள்மொழி என்று பெயர் வைத்த வீடுகளும் உண்டு. அவர்களெல்லாம் சோழ வம்சமா, என்ன?

பையன் முகம் வாடிவிட்டது. அப்போது மூலையில் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த பாட்டி கலகலவென்று சிரித்தாள்.

"அடேய், அது எங்கப்பா பேருடா! மூத்தவனுக்கு உங்க தாத்தாவோட அப்பா பேரை வெச்சாங்க. உங்கப்பன் பொறந்தப்போ, 'இவனுக்கு எங்கப்பா பேருதான்'னு ஒத்தக் கால்ல நின்னேன்."

பாட்டிக்குப் பிறந்த ஊர் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருபுவனம். அங்கேயும் பட்டுத்தறிதான். மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய கம்பஹரேசுவரர் கோயில் இருப்பதும் அங்கேதான். ஆகவே ராஜேந்திரன் காஞ்சிக்குப் படையெடுத்து வரவில்லை; கல்யாணப் பெண்ணோடு வந்து சேர்ந்திருக்கிறான்!

காகிதத்தைப் பார்த்தேன். பாட்டியின் அப்பா அதில் இல்லை. தாத்தா பெயருக்குப் பக்கத்தில் 'மனைவி' என்று மட்டும் இருந்தது.

"ராஜா வீட்டிலும் இதே கதைதான், கேள்" என்றேன். ராஜராஜன் தன் மகளுக்கு அக்காள் குந்தவையின் பெயரையே வைத்தான். அந்தப் பெண்ணை வேங்கி நாட்டு விமலாதித்தனுக்குக் கொடுத்தார்கள். அவள் பிள்ளைக்குப் பெயர் ராஜராஜன். அந்தப் பிள்ளை, மாமன் ராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கையை மணந்தான். அவள் பெற்ற பிள்ளைக்குப் பெயர் ராஜேந்திரன். இரண்டு தலைமுறையும் அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பெயர்தான்! அந்த ராஜேந்திரன்தான் 1070-ல் சோழ சிம்மாசனம் ஏறி முதலாம் குலோத்துங்கன் ஆனான். காஞ்சியில் இருந்தபடி கலிங்கத்தின்மேல் படை அனுப்பியதாகக் கலிங்கத்துப் பரணி பாடுவது அவனைத்தான். பெயர் மட்டுமா, ராஜ்யமே தாய்வழியில் வந்திருக்கிறது!

"பாவை மட்டும் நீட்டிப் போட்டா புடவை ஆயிடுமா? குறுக்கே ஊடை ஓட வேணாமா?" என்றாள் பாட்டி.

பையன் 'மனைவி'யை அழித்துவிட்டுப் பாட்டியின் பெயரை எழுதினான். அதற்குமேல் ஒரு கோடு போட்டு, அவள் அப்பா ராஜேந்திரனையும் எழுதினான். அங்கே பென்சில் நின்றது.

"ஆயா, உங்கம்மா பேரு என்ன?"

ராட்டை நின்றுவிட்டது.

"நான் கைக்குழந்தையா இருக்கறப்பவே போயிட்டா, கண்ணு. 'உங்கம்மா, உங்கம்மா'ன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. பேரு சொல்லி யாரும் சொன்னதில்லே. நானும் கேட்டுக்கல்லே. இப்போ கேக்கறதுக்கு யாரு இருக்கா?"

அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டான் பையன்.

புடவை வாங்காமல் திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக அம்மாவிடம் அவள் பாட்டியின் பெயரைக் கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். உங்கள் வீட்டிலும் பதில் சொல்லப் பெரியவர்கள் இருக்கிறார்களா? இன்றைக்கே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்.