இருண்ட ஆற்றல் பலவீனமாகிறதா? தொலைநோக்கிக்குப் பின்னால் இருக்கும் மென்பொருள் என்ன செய்கிறது?

பிரபஞ்சத்தின் விரிவை வேகப்படுத்தும் 'இருண்ட ஆற்றல்' மாறாத ஒன்று என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லி வந்தன. அது காலப்போக்கில் பலவீனமாகி இருக்கலாம் என்று 2025 மார்ச் மாதம் டெசி ஆய்வுக் குழு அறிவித்தது. சுமார் 1.5 கோடி கேலக்ஸிகள், குவாசர்களின் தொலைவைக் கணக்கிட்டு வந்த முடிவு இது. இத்தனை கோடி தொலைவுகளை யார் கணக்கிட்டது? ஒரு மென்பொருள். அதை எந்த அளவுக்கு நம்பலாம்?

டெசி எப்படி வேலை செய்கிறது?

அமெரிக்காவின் அரிசோனாவில் கிட் பீக் மலையில் உள்ள 4 மீட்டர் மயால் தொலைநோக்கியில் பொருத்தப்பட்ட கருவிதான் டெசி. இதில் 5,000 குட்டி ரோபோக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடி இழையை ஒரு கேலக்ஸிக்கு நேராக நிறுத்தும். இழை வழியே வரும் ஒளியை 10 நிறமாலைமானிகள் வானவில் போலப் பிரிக்கும். 30 கேமரா சிப்கள் அதைப் பதிவு செய்யும். அதாவது, ஒரே நேரத்தில் 5,000 நிறமாலைகள்!

படம் வந்துவிட்டால் போதாதா?

போதாது. கேமராவில் பதிவாவது நெருக்கமாக அடுக்கிய ஒளிக்கோடுகள் மட்டுமே. ஒரு சிப்பில் சுமார் 500 கோடுகள். பக்கத்துக் கோட்டின் ஒளி இதில் கொஞ்சம் கலந்திருக்கும். காஸ்மிக் கதிர்கள் மோதிய கீறல்களும் இருக்கும். இன்னொரு சிக்கல், நம் வளிமண்டலமே இரவில் மெல்லியதாக ஒளிர்கிறது. பல நேரங்களில் கேலக்ஸியின் ஒளியைவிட அந்த ஒளிதான் அதிகம்.

இதற்காகவே சில இழைகளை வெற்று வானத்தை நோக்கி வைக்கிறார்கள். அதில் கிடைக்கும் வான ஒளியை மற்ற நிறமாலைகளில் இருந்து மென்பொருள் கழித்துவிடும். கலிபோர்னியாவின் பெர்க்லியில் உள்ள சூப்பர் கம்ப்யூட்டர் மையத்தில் இந்த வேலை நடக்கிறது. இரவு எடுத்த தரவு காலைக்குள் ரெடியானால்தான் அடுத்த இரவு எதைப் பார்ப்பது என்று முடிவெடுக்க முடியும்.

தொலைவு எப்படித் தெரிகிறது?

இங்குதான் 'ரெட்ராக்' என்ற மென்பொருள் வருகிறது. கேலக்ஸி, குவாசர், நட்சத்திரம் என மாதிரி நிறமாலைகளுடன் ஒப்பிட்டு, எது சரியாகப் பொருந்துகிறது என்று அது தேடும்.

ஓர் உதாரணம். ஆக்சிஜன் வெளியிடும் ஒரு கோடு 372.7 நானோமீட்டரில் இருக்க வேண்டும். அது 745.4-ல் தெரிந்தால், பிரபஞ்சம் விரிந்ததால் ஒளி இரண்டு மடங்கு நீண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒளி புறப்பட்டு கிட்டத்தட்ட 800 கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன.

தப்பாகக் கணித்தால்?

அதே கோட்டை ஹைட்ரஜனின் 656.3 கோடு என்று மென்பொருள் நினைத்துவிட்டால், 800 கோடி ஆண்டு என்பது 200 கோடிக்கும் கீழே இறங்கிவிடும். ஆனால் அந்த ஆக்சிஜன் கோடு உண்மையில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரட்டைக் கோடு. அதைத் தனித்தனியாகக் காட்டும் அளவுக்கு டெசி துல்லியமானது. சந்தேகம் இருந்தால் மென்பொருளே எச்சரிக்கைக் குறி போட்டுவிடும். ஆயிரக்கணக்கான நிறமாலைகளை விஞ்ஞானிகள் கண்ணால் பார்த்தும் சரிபார்த்திருக்கிறார்கள்.

மனிதர்களுக்கும் ஒரு கடிவாளம் உண்டு. 'இப்படித்தான் வர வேண்டும்' என்ற ஆசை பகுப்பாய்வைப் பாதிக்கக் கூடாது என்பதற்காக, உண்மையான முடிவை கடைசி வரை மறைத்து வைத்துத்தான் வேலை செய்தார்கள்.

அப்போ கண்டுபிடிப்பு உறுதியா?

இன்னும் இல்லை. பிரபஞ்சத்தின் ஆதி ஒளி, சூப்பர்நோவா தரவுகளுடன் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்த உறுதி 2.8 முதல் 4.2 சிக்மா வரை. எந்த சூப்பர்நோவா பட்டியலைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து இது மாறுகிறது. கண்டுபிடிப்பு என்று அறிவிக்க 5 சிக்மா வேண்டும்.

ஒரு நல்ல விஷயம், டெசியின் மென்பொருள் திறந்த மூலமாக இருக்கிறது. 1.87 கோடி வான்பொருட்களின் முதல் தரவுத் தொகுப்பும் 2025 மார்ச்சிலேயே பொதுவெளிக்கு வந்துவிட்டது. டெசி குழுவில் இல்லாதவர்களும் அந்தத் தரவைக் கொண்டு தாங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாடப்புத்தகத்தைத் திருத்த வேண்டுமா என்பது அந்தச் சோதனைகளையும், இனி வரும் தரவுகளையும் பொறுத்தே முடிவாகும்.