கைபேசிக்குள் வெடிக்கும் துவக்கு: பெற்றோரின் பொறுப்பா, சட்டத்தின் பொறுப்பா?

வன்னியில் மீளக்குடியமர்ந்த கிராமம் ஒன்றுக்கு நாம் சென்றிருந்தபோது, வீட்டுக்காரர் வயலால் வரும்வரை விறாந்தையில் காத்திருந்தோம். பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பையன் சுவரோடு சாய்ந்திருந்து கைபேசியில் விளையாடிக்கொண்டிருந்தான். துவக்குச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. அடுப்படியிலிருந்து வந்த அவனுடைய அம்மம்மா சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். பிறகு என்ன நினைத்தாரோ, அவனுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். திரையில் ஓர் ஆள் தோளில் பையோடு வீடு வீடாகப் புகுந்து, அகப்பட்டதை எல்லாம் எடுத்துக்கொண்டு வெளியே ஓடிக்கொண்டிருந்தான்.

"உது ஆற்றை வீடுகள் தம்பி? சனமெல்லாம் எங்க?" என்று கேட்டார்.

"சனம் இல்லை அம்மம்மா. அது சும்மா வீடு."

அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

இந்த விளையாட்டை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டியுள்ளது. 'பப்ஜி' என்பதில் நூறு பேர் வரை பரசூட்டில் ஒரு தீவில் இறங்குவார்கள். 'ஃப்ரீ ஃபயர்' என்பதில் ஐம்பது பேர். ஆட்களற்ற வீடுகளுக்குள் புகுந்து துவக்கும் மருந்தும் தேடி எடுத்து, எதிர்ப்பட்டவனைச் சுட்டு, கடைசியாக உயிரோடு நிற்பவரே வென்றவர். நேரம் போகப்போக, பாதுகாப்பான பகுதி என்று வரைபடத்தில் காட்டப்படும் வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். வட்டத்துக்கு வெளியே நிற்பவன் சாவான். ஆகவே எல்லோரும் உள்ளே ஓட வேண்டும்.

2009 இல் பாதுகாப்பு வலயம் என்று சொல்லப்பட்ட இடங்களை நம்பி ஓடிய எமது குடும்பங்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை. விட்டுவந்த வீட்டின் கதவு நிலையையும் பிறர் கழற்றிக்கொண்டு போனதைப் பின்னர் வந்து பார்த்தவர்கள் இந்த இதழின் வாசகர்கள். இந்த விளையாட்டுகளைச் செய்தவர்கள் எம்மை நினைத்துச் செய்யவில்லை. அவர்களைப் பொறுத்தவரை அது சும்மா வீடுதான். ஆனால் அந்தப் பையனுக்கும் அது சும்மா வீடாக இருப்பதுதான் எம்மை உறுத்தியது.

வயலால் வந்த வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னோம். அவருடைய மனைவி, "உதுகளை அரசாங்கம் தடை செய்ய வேணும்" என்றார். அவரோ, "பிள்ளையை வளர்க்கிறது நாங்களா, அரசாங்கமா?" என்று கேட்டார். அந்தச் சின்ன வீட்டில் எழுந்த இதே வாதம்தான் அமெரிக்காவின் மிக உயர்ந்த நீதிமன்றம்வரை சென்றது.

அங்கே இது பழைய சண்டை. 1992 இல் வெளிவந்த 'மோட்டல் கொம்பாட்' என்ற சண்டை விளையாட்டில் தோற்றவனின் தலையைப் பிடுங்கி எடுக்கலாம். மறுவருடம் அது வீட்டுத் தொலைக்காட்சியில் விளையாடக்கூடிய வடிவில் வந்தபோது, நின்ரெண்டோ நிறுவனம் தன் பதிப்பில் இரத்தத்தை எடுத்துவிட்டு வியர்வையைப் போட்டது. சேகா நிறுவனமோ ஒரு இரகசியக் குறியீட்டை அழுத்தினால் இரத்தம் வரும்படி விட்டுவைத்தது. குறியீட்டைப் பிள்ளைகள் கண்டுபிடிக்க அதிக நாள் எடுத்திருக்காது. 1993 டிசம்பரில் செனற் உறுப்பினர்கள் லீபர்மனும் கோலும் விசாரணை நடத்தினர். சட்டம் வந்துவிடும் என்று பயந்த கம்பனிகள், 1994 இல் தாங்களே ஒரு சபையை அமைத்து, எந்த விளையாட்டு எந்த வயதுக்கு என்று பெட்டியில் எழுதத் தொடங்கின.

எழுதினால் மட்டும் போதுமா என்ற கேள்வி பின்னர் எழுந்தது. 2005 இல் கலிபோர்னியா மாநிலம், கொடூரமான வன்முறை விளையாட்டுகளைப் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கவோ வாடகைக்குக் கொடுக்கவோ கூடாது என்றும், மீறும் ஒவ்வொரு தடவைக்கும் ஆயிரம் டொலர் வரை தண்டம் என்றும் சட்டம் செய்தது. அதைக் கொண்டுவந்தவர் லேலண்ட் யீ என்ற உறுப்பினர். சிறுவர் உளவியல் படித்தவர். கையெழுத்திட்ட ஆளுநர், துவக்கோடு நிற்கும் படங்களால் உலகம் அறிந்த நடிகர் ஆர்னோல்ட் ஷ்வார்ஸ்நெகர். (யீ பின்னாளில் வேறொரு குற்ற வழக்கில் அகப்பட்டு, 2016 இல் ஐந்து வருடச் சிறைத்தண்டனை பெற்றார். பிள்ளைகளைக் காக்கப் புறப்படும் எல்லோரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது என்பதற்காக இதையும் சொல்லிவைக்கிறோம்.)

கம்பனிகளின் சங்கங்கள் வழக்குப் போட்டன. சட்டம் ஒரு நாளாவது நடைமுறைக்கு வரவில்லை. 2011 ஜூன் 27 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அதனைச் செல்லாது என்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் ஸ்காலியா. புத்தகமும் நாடகமும் போல இந்த விளையாட்டுகளும் கருத்து வெளிப்பாடே என்றார் அவர். பிள்ளைகளுக்குச் சொல்லும் பழங்கதைகளிலும் கொலை உண்டு என்றும், கிழவியை அடுப்பில் தள்ளும் சிறுவர் கதையை எவரும் தடை செய்யவில்லை என்றும் எடுத்துக்காட்டினார். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. இரணியனின் வயிறு கிழிக்கப்படுவதையும், செபஸ்தியார்மேல் அம்பு எய்வதையும் விடிய விடியக் கூத்தில் பார்த்து வளர்ந்தவர்கள்தாமே நாமும்!

அவர் சொன்ன இன்னொரு விடயம் எமக்கு முக்கியமாகப் பட்டது. அந்தச் சட்டத்தின்படி பிள்ளைக்கு விற்பதுதான் குற்றம். தாயோ தகப்பனோ, ஏன் ஒரு மாமாவோ மாமியோ வாங்கிக் கொடுத்தால் குற்றமில்லை. விளையாட்டு அவ்வளவு ஆபத்தானதென்றால் உறவினர் கையால் கொடுத்தால் மட்டும் ஆபத்து நீங்கிவிடுமா என்று கேட்டார். கடைகள் தாமாகவே வயது பார்த்து விற்கின்றன. எஞ்சியிருப்பது சிறிய இடைவெளிதான். அதைப் பெற்றோரே பார்த்துக்கொள்ளலாம் என்பது அவருடைய முடிவு. நீதியரசர்கள் தோமசும் பிரேயரும் உடன்படவில்லை. பெற்றோரைத் தாண்டிப் பிள்ளையிடம் பேசும் உரிமை எவருக்கும் இல்லை என்றார் தோமஸ். ஆடையற்ற ஒரு படத்தைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு விற்கக் கூடாதென்று சட்டம் சொல்லும்போது, ஒருத்தியைக் கட்டிவைத்துக் கொல்லும் விளையாட்டை விற்கலாம் என்பது எவ்வகை நியாயம் என்று பிரேயர் கேட்டார். பிரேயரின் அந்தக் கேள்விக்குப் பெரும்பான்மைத் தீர்ப்பில் திருப்தியான பதில் இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை.

ஆயினும் எமது மனக்குறை வேறு. அந்த நீதிமன்றம் மனதில் வைத்திருந்த பெற்றோர் யார்? பிள்ளையைக் காரில் ஏற்றிக் கடைக்குக் கூட்டிப்போய், பெட்டியைத் திருப்பி, வயதை வாசித்து, "இது உனக்கு வேண்டாம்" என்று சொல்லக்கூடிய பெற்றோர். விடிய ஐந்து மணிக்கு மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் கட்டப் போய், அரிவு வெட்டுக் காலத்தில் இருளவே வீடு திரும்பும் தாயையும் தகப்பனையும் அது காணவில்லை. தகப்பன் இல்லாத, அம்மம்மாவின் பொறுப்பில் வளரும் பிள்ளையையும் காணவில்லை. காண வேண்டிய கடமை அதற்கு இல்லைத்தான். ஆனால் "பெற்றோரின் பொறுப்பு" என்ற சொல்லை இங்கே எமக்கும் உபதேசிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எமது வீடுகளுக்கு இந்த விளையாட்டு எப்படி வந்தது? கடையால் வரவில்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் பூட்டப்பட்டன. பாடம் போனில் வரும் என்றார்கள். தோட்டை அடகு வைத்தும், வெளிநாட்டு உறவினரைக் கேட்டும் போன் வாங்கியவர்களை நாம் அறிவோம். போனைத் தொடக்கும்போது கொடுக்கப்பட்டது தகப்பனின் பெயரும் தகப்பனின் பிறந்த திகதியும். ஆகவே அந்தப் போனுக்குத் தெரிந்தவரை, விளையாடுவது நாற்பத்தைந்து வயது விவசாயி! கலிபோர்னியாவின் சட்டம் இங்கே அப்படியே வந்தாலும் தண்டம் அறவிட ஒரு கடைக்காரனைத் தேடிப் பிடிக்க முடியாது.

அப்படியானால் ஒரேயடியாகத் தடை செய்வோமா? செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2019 மார்ச்சில் இந்தியாவின் குஜராத் மாநிலத்து ராஜ்கோட் நகரில் பப்ஜி தடை செய்யப்பட்டது. விளையாடிய குற்றத்துக்காகக் கல்லூரி மாணவர்கள் உட்படப் பத்துப் பேரைப் பொலிசார் கைது செய்தனர். விளையாட்டைச் செய்தவன் எங்கோ இருக்க, அகப்பட்டவன் சந்தியில் நின்று விளையாடியவன். நேபாளம் அதே ஆண்டு ஏப்ரலில் தடை செய்தது. அதே மாதத்திலேயே அந்நாட்டு உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. தென்கொரியா 2011 இல், பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை கணினியில் விளையாட முடியாதென்று சட்டம் செய்தது. பிள்ளைகள் தாய் தகப்பனின் அடையாள இலக்கத்தைக் கொடுத்து உள்ளே போனார்கள். பத்து வருடத்தின் பின் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. சீனா 2021 செப்டெம்பர் முதல், வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு எட்டு முதல் ஒன்பது மணி வரை மட்டுமே பிள்ளைகளை இணையத்தில் விளையாட விடுகிறது. பெரிய கம்பனி ஒன்று பிள்ளையா பெரியவரா என்று முகத்தைப் படம்பிடித்துச் சரிபார்க்கவும் தொடங்கியது. பிள்ளையின் முகத்தைக் காவல் காக்கும் அதிகாரத்தை அரசுக்கோ கம்பனிக்கோ கொடுக்க நாம் தயாரா? காணிக்குள் போவதற்குக்கூட அடையாள அட்டையைக் காட்டி வரிசையில் நின்ற எமக்கு இதில் தயக்கம் இருப்பதில் வியப்பில்லை.

எமது நாட்டிலும் சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. குற்றமும் கொடூரமும் நிறைந்த படக்கதைப் புத்தகங்களைப் பிள்ளைகளின் கையில் கிடைக்காமல் தடுக்க 1956 ஆம் ஆண்டிலேயே 48 ஆம் இலக்கச் சட்டம் செய்யப்பட்டது. அது அச்சிட்ட தாளுக்கான சட்டம். காற்றில் வந்து போனில் இறங்குவதை அது கனவிலும் கண்டிருக்காது. அதைவிடப் பொருத்தமான முன்மாதிரி சிகரெட். 2006 ஆம் ஆண்டுச் சட்டப்படி இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. பெட்டியில் நோயின் படம் பெரிதாக இருக்க வேண்டும். சட்டம் இருக்கிறதே என்று எந்தத் தாயும் பிள்ளையின் சட்டைப்பையைப் பார்க்காமல் விடுவதில்லை. தாய் பார்க்கிறாளே என்று சட்டமும் கடைக்காரனைச் சும்மா விடவில்லை. சட்டம் விற்பவனைப் பிடிக்கட்டும், பிள்ளையை நாம் பிடித்துக்கொள்கிறோம் என்பதே எமது கட்சி.

இந்த விளையாட்டுகளை இறக்கிக்கொள்வது இலவசம். கம்பனிக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? துவக்குக்கு நிறமும் ஆளுக்கு உடுப்பும் விற்பதிலிருந்து. பிள்ளை நெடுநேரம் இருந்தால்தான் வாங்கும். ஆகவே நெடுநேரம் இருத்துவதற்குக் கெட்டிக்காரர்களைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள். அவர்களோடு ஒரு தாய் தனியே மல்லுக்கட்ட வேண்டும் என்பது நியாயமல்ல. பிள்ளையின் கணக்கிலிருந்து காசு எடுக்கக் கூடாது, வயது எச்சரிக்கை தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக வர வேண்டும் என்று கேட்பது கருத்துச் சுதந்திரத்தில் கை வைப்பதாகாது.

வன்முறை விளையாட்டு விளையாடும் பிள்ளை கொலைகாரனாகும் என்று நாம் பயமுறுத்த வரவில்லை. அமெரிக்க உளவியலாளர் சங்கம் 2015 இலும் 2020 இலும் வெளியிட்ட தீர்மானங்களில், கத்துதல், தள்ளுதல் போன்ற முரட்டுத்தனத்தோடு இதற்குத் தொடர்பு உண்டு என்றும், பெருங்குற்றங்களுக்கு இதைக் காரணமாகக் காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்றும் கூறியது. எமது ஊர்களில் உண்மையான துவக்கைப் பிடித்த பிள்ளைகள் எவரும் போனில் பழகிப் பிடித்தவர்கள் அல்லர். அது வேறு கதை. அதன் காரணங்களும் வேறு.

ஆனால் தனிமை பற்றி நாம் கவலைப்படுகிறோம். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத நாட்களில் ஜெனரேற்றரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் படம் போட்டதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் படங்களிலும் வெட்டும் குத்தும் இருந்தன. ஆனால் பிள்ளை பார்த்ததை ஊரே பார்த்தது. கூடாத கட்டம் வந்தால் பெரியம்மா கண்ணைப் பொத்துவா, பின்னுக்கிருந்து யாராவது பகிடி விடுவார்கள். இன்று பிள்ளை காதுக்குள் குமிழைச் செருகிக்கொண்டு தனியே பார்க்கிறது.

ஆகவே செய்யக்கூடியது சில உண்டு. போனில் விளையாட்டை இறக்கும் கடையில் ஒவ்வொரு விளையாட்டின் பெயரோடும் 3, 7, 12, 16, 18 என ஒரு வயது இலக்கம் இருக்கும். இலக்கம் வாசிக்க ஆங்கிலம் வேண்டியதில்லை. அதே கடையின் அமைப்புப் பக்கத்தில் பெற்றோர் கட்டுப்பாடு என்ற பகுதி உண்டு. நான்கு இலக்க இரகசிய எண் போட்டால் வயதுக்கு மேற்பட்டவை இறங்காது. அதைச் செய்யத் தெரியாவிட்டால் ஊரில் படித்த பிள்ளை ஒன்றைக் கேளுங்கள், ஆனால் எண்ணை நீங்களே அழுத்துங்கள். அடித்துப் பறிப்பதால் பயனில்லை. பாடமும் அதே போனில்தான் வருகிறது. ஒரு நாளாவது பக்கத்தில் இருந்து, அந்த அம்மம்மா கேட்டதைப் போல, இது யாருடைய வீடு, சனம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டை விட்டு வந்த கதையைச் சொல்ல அது ஒரு சந்தர்ப்பமாகவும் இருக்கும். எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளுக்கு அது இன்னும் சொல்லப்படவில்லை.

நாம் புறப்படும்போது அந்தப் பையன் படலைவரை வந்தான். தகப்பன் போனை வாங்கி மேலே வைத்துவிட்டதில் அவனுக்குச் சற்றுக் கோபம். எமது பையைப் பார்த்து, "உங்கட போனில என்ன கேம் இருக்கு?" என்று கேட்டான்.