காபிக் கடைக்கும் பட்ஜெட்டில் இடம் கொடுங்கள்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைக்கு வீட்டில் சொல்லி அனுப்பும் புத்திமதிகளில், ‘ஊர் சுற்றிக் காசைக் கரைக்காதே’ என்பதும் ஒன்று. கல்விக் கடன் வாங்கிய குடும்பத்தின் கவலை நியாயமானதே. ஆனால், இத்தாலியின் வடகிழக்கு மூலையில் இருக்கும் திரியெஸ்தே நகருக்குப் போகிற மாணவர் அந்தப் புத்திமதியைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். அங்கே காபிக் கடையிலும் கலையரங்கிலும் கழியும் மாலைகளையும் படிப்புக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

ஸ்லோவேனிய எல்லையை ஒட்டிய இந்தத் துறைமுகம் முதல் உலகப் போர் முடியும்வரை ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்தது. பேரரசர் ஆறாம் சார்லஸ் 1719-இல் இதைத் தடையில்லாத் துறைமுகமாக அறிவித்த பிறகு கிரேக்கர், யூதர், செர்பியர் எனப் பல இனத்து வணிகர்கள் வந்து குடியேறினார்கள். கூடவே காபி மூட்டைகளும் வந்திறங்கின. 1933-இல் இங்கே இல்லி காபி நிறுவனத்தைத் தொடங்கிய பிரான்செஸ்கோ இல்லிகூட அன்றைய ஹங்கேரியில் பிறந்தவர்தான். இந்தியக் காபியை அதிகம் வாங்கும் நாடுகளின் வரிசையில் இத்தாலி முன்னால் நிற்கிறது. ஆகவே, திரியெஸ்தேயில் அரைபடும் கலவையில் குடகு மலைக் கொட்டையும் கலந்திருக்க வாய்ப்புண்டு.

இந்த ஊரில் எஸ்பிரெஸ்ஸோ வேண்டுமென்றால் ‘நேரோ’ என்று கேட்க வேண்டும். மேலே கொஞ்சம் பால் நுரையோடு சின்னக் கண்ணாடி டம்ளரில் வருவது ‘காப்போ இன் பி’. கவுண்டரில் நின்றபடியே குடித்தால் செலவு குறைவு. மேசையில் உட்கார்ந்தால் விலை கூடும். கூடினாலும், சான் மார்கோவில் ஒருமுறையாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். 1914-இல் திறந்த கடை அது. அன்று இத்தாலியோடு சேரத் துடித்த இளைஞர்கள் அங்கே கூடினார்கள். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் கடை அடித்து நொறுக்கப்பட்டது. பிறகு மீண்டெழுந்தது. இன்று இரும்புக் கால்களில் நிற்கும் பளிங்கு மேசைகள், சுவரில் முகமூடி ஓவியங்கள், மேலே காபி இலை வேலைப்பாடு, உள்ளேயே ஒரு புத்தகக் கடை. எழுத்தாளர் கிளாவுதியோ மாக்ரிஸ் பல்லாண்டுகள் அங்கே அமர்ந்து எழுதியிருக்கிறார். ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு நெடுநேரம் படிக்கும் மாணவரை அங்கே யாரும் விரட்டுவதில்லை.

பிழைக்க வந்த வெளியூர்க்காரர் ஒருவருக்கு இந்த நகரம் என்ன கொடுக்கும் என்பதற்கு ஜேம்ஸ் ஜாய்ஸே சாட்சி. அயர்லாந்திலிருந்து வந்து, ஆங்கிலம் கற்றுக் கொடுத்து, கடனும் வறுமையுமாகக் காலம் தள்ளியவர் அவர். ‘டப்ளினர்ஸ்’ கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதியதும் ‘யுலிசஸ்’ நாவலைத் தொடங்கியதும் இங்கேதான். அவரிடம் ஆங்கிலம் படித்த பெயின்ட் வணிகர் ஒருவர் பின்னாளில் இத்தாலோ ஸ்வேவோ என்ற பெயரில் புகழ்பெற்ற நாவலாசிரியர். வகுப்பறைக்கு வெளியே வாய்த்த அந்த நட்பு இருவருக்குமே பயன்பட்டது.

இன்று திரியெஸ்தேக்கு வரும் வெளிநாட்டு மாணவர்களில் பலர் அறிவியல் படிப்பவர்கள். பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1964-இல் நிறுவிய சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையம் வளரும் நாடுகளின் ஆய்வாளர்களுக்கு நெடுங்காலமாகக் கதவு திறந்து வைத்திருக்கிறது. அதை ஒட்டியே மீராமரே பூங்காவும் கடலைப் பார்த்த வெள்ளைக் கோட்டையும் இருக்கின்றன. பஸ் ஏறினால் நகருக்குள் 1801-இல் திறந்த ஓபரா அரங்கு. இப்போது அது இசையமைப்பாளர் வெர்தியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இவ்வளவும் பக்கத்திலேயே இருக்க, விடுதி அறையில் குக்கரும் லேப்டாப்புமாக ஆண்டைக் கழித்துவிட்டு வருவது பெரிய இழப்பு.

இத்தாலிய அரசிடமும் ஒரு குறை உண்டு. அரசு அருங்காட்சியகங்களில் 18 முதல் 25 வயது வரையுள்ள ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு நுழைவுக் கட்டணம் 2 யூரோதான். அதே வகுப்பில், அதே பெஞ்சில் உட்காரும் இந்திய மாணவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம் என்பது நல்ல ஏற்பாடு. அது மட்டும் போதாது. பாஸ்போர்ட்டைப் பார்க்காமல் மாணவர் அடையாள அட்டையைப் பார்த்துச் சலுகை கொடுப்பதே நியாயம்.

அது வரும்வரை, போகிற பிள்ளைகள் முதல் ஞாயிறுகளைத் தவறவிடாதீர்கள். ஓபராவில் மேல்மாடத்துச் சீட்டையாவது ஒருமுறை வாங்கிப் பாருங்கள். பெற்றோர்களே, வாடகை, மளிகை, போன் என்று மாதச் செலவுக் கணக்கு எழுதும்போது காபிக்கும் கலைக்கும் ஒரு சிறு தொகையைச் சேர்த்து எழுதுங்கள்.