விவாகரத்து வழக்கும் நமது பேரேடும்

இந்தத் தலைப்புக்கும் நமது இதழுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. மங்கலம், சோமனூர், திருப்பூர் வட்டாரத்தில் தறியோ பனியனோ மளிகையோ, ஒருவருடைய சொத்து வீட்டுப் பத்திரத்தில் மட்டும் இருப்பதில்லை. குடோன் சரக்கிலும், வரவேண்டிய பாக்கியிலும், கூட்டு வியாபாரப் பங்கிலும் இருக்கிறது. விவாகரத்து வழக்கு வந்ததும் அதை மறைக்க நினைப்பவர், வக்கீலிடம் போவதற்கு முன்பே சக வியாபாரியிடம் வந்து நிற்கிறார்.

நம்மிடமும் ஒருவர் வந்தார். "அண்ணா, உங்களுக்கு நான் பத்து லட்சம் தரோணும்னு பழைய தேதி போட்டு ஒரு புரோநோட்டு வெச்சுக்கலாமுங்க. கேஸ் முடிஞ்சதும் கிழிச்சுப் போட்டறலாம்" என்றார். முடியாது என்று சொல்லி அனுப்பினோம். அதன் பிறகு அவர் நம்மிடம் சரக்கு எடுப்பதில்லை. போகட்டும்.

அவர் கணக்கு என்ன? விவாகரத்தின்போது கணவன் மனைவி சொத்தைச் சேர்த்துப் பாதியாகப் பிரிக்கும் பொதுச் சட்டம், கோவா நீங்கலாக, நம் நாட்டில் இல்லை. பெண்ணின் சீதனம் அவளுக்கே சொந்தம் என்பதை 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மற்றபடி அவளுக்குக் கிடைப்பது ஜீவனாம்சம். இந்து திருமணச் சட்டம் 25ஆவது பிரிவின்படி வருமானத்தையும் சொத்தையும் பார்த்துத்தான் தொகை நிர்ணயமாகிறது. ஆகவே கடனைக் கூட்டிக் காட்டி, வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள்.

முன்பு அது ஓரளவு நடந்தது. 2020 நவம்பர் 4ஆம் தேதி ரஜ்னேஷ் – நேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நிலைமையை மாற்றியது. ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பாரும் சொத்து, வருமானம், கடன் ஆகிய விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். கணவன் மட்டுமல்ல, சம்பாதிக்கும் மனைவியும் மறைக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் எழுத்து மூலம் கேள்வி கேட்கலாம். வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு ஆகியவற்றைக் கொண்டுவரும்படி உத்தரவு கேட்டு மனுச் செய்யலாம். காட்ட வேண்டியதைக் காட்டாதவருக்கு எதிராகவே நீதிபதி முடிவு கட்டலாம். பொய் என்று தெரிந்தால் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா 379ஆவது பிரிவின்படி நீதிமன்றமே புகார் அனுப்பலாம். நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச் சாட்சியத்துக்கு ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அந்த வழி மெதுவாகத்தான் நகரும் என்பதும் உண்மை. வழக்கு நடக்கும்போதே ஆதாரத்தை வைப்பதுதான் கைமேல் பலன் தரும். நிலத்தையும் கட்டடத்தையும் பொறுத்தவரை, பத்திரப் பதிவுத் துறையின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் வில்லங்கம் பார்க்கலாம்.

தீர்ப்புக்குப் பிறகு உண்மை தெரிந்தால்? அப்போதும் கதவு மூடிவிடவில்லை. சூழ்நிலை மாறியிருந்தால் ஜீவனாம்சத் தொகையை மாற்றும்படி 25ஆவது பிரிவின் கீழேயே கேட்கலாம். மோசடி செய்து பெற்ற தீர்ப்பு செல்லாது என்பதற்கு நமது தமிழ்நாட்டு வழக்கே சான்று. கடன் கொடுத்தவருக்காக அவருடைய குமாஸ்தா சொத்தை ஏலத்தில் எடுத்தார். பிறகு தம் உரிமையை முதலாளிக்கே விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். கடன்காரரும் பணத்தைக் கட்டித் தீர்த்தார். அந்தப் பத்திரத்தை மறைத்துவிட்டு, சொத்தில் தமக்குப் பங்கு உண்டு என்று குமாஸ்தா பாகப்பிரிவினை டிகிரி வாங்கிவிட்டார். செங்கல்வராய நாயுடு – ஜகந்நாத் என்ற அந்த வழக்கில் 1993 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், முக்கிய ஆவணத்தை மறைத்துப் பெற்ற டிகிரி ஒன்றுமில்லாதது என்று தள்ளியது. அது விவாகரத்து வழக்கு அல்ல. ஆனால் வக்கீல்கள் இன்றும் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். சமரசமாகப் பேசி முடித்த வழக்கானால், சமரசம் மோசடி என்று தனி வழக்குப் போட முடியாது. சமரசத்தைப் பதிவு செய்த அதே நீதிமன்றத்தில்தான் முறையிட வேண்டும். காலவரையறைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, மோசடி தெரிய வந்த நாளிலிருந்துதான் கெடு ஓடத் தொடங்கும். தெரிந்த பிறகு சும்மா இருந்தால் அந்தச் சலுகையும் போய்விடும்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். குடோனை மச்சினன் பெயருக்குத் தானமாக எழுதினால் தீர்ந்ததா? இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 28ஆவது பிரிவைப் படியுங்கள். ஜீவனாம்ச உரிமை உள்ள சொத்தை இலவசமாகவோ, விஷயம் தெரிந்தோ வாங்கியவர் மீதும் அந்த உரிமை தொடரும். சொந்தப் பணத்தைப் போட்டு, சரக்கையோ நிலத்தையோ அடுத்தவர் பெயரில் வைப்பதைப் பினாமி என்று 2016இல் திருத்திய சட்டம் பிடித்தால், சொத்து பறிமுதல். ஓராண்டு முதல் ஏழாண்டு வரை கடுங்காவல். பெயர் கொடுத்தவரும் இதில் தப்ப முடியாது. பொய்ப் புரோநோட்டுக்கோ, கூண்டில் ஏறுவது நாம். "பத்து லட்சம் எப்படிக் கொடுத்தீர்கள்?" என்று எதிர்தரப்பு வக்கீல் கேட்பார். ரொக்கம் என்றால், 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுத்திருக்கிறது. காசோலை என்றால் வங்கிப் பதிவைக் காட்டு என்பார். இரண்டு கேள்வியில் நமது நாற்பது வருடப் பேரேடு முழுவதும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

வருகிற பொதுக்குழுவில் இதைப் பேச வேண்டும் என்று விரும்புகிறோம். உறுப்பினர் எவரும் குடும்ப வழக்குக்காகப் பழைய தேதியில் பில்லோ நோட்டோ எழுதித் தரக் கூடாது என்று ஒரு தீர்மானம் போடலாம். கடையில் கணவனுக்கு ஈடாகக் கல்லாவில் உட்கார்ந்து, இப்போது ஜீவனாம்சத்துக்கு அலையும் பெண் யாராவது கொள்முதல் கணக்கு கேட்டு சம்மன் அனுப்பினால், இழுத்தடிக்காமல் உள்ளது உள்ளபடி கொடுத்து அனுப்புவோம்.