கமிட் ஆச்சுன்னு சொன்னா, ஆகியிருக்கணும்

போன வருஷம் நம்ம டிபார்ட்மென்ட் சிம்போசியம் நடந்த அன்னிக்கு காலையில, ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு ரெஜிஸ்ட்ரேஷன் டெஸ்க்குக்கு வந்து தன் பேரைச் சொன்னாள். சிஸ்டத்தில் தேடினேன், இல்லை. "பணம் கட்டினியாம்மா?" என்றேன். "கட்டிட்டேன் அண்ணா" என்றாள். "கட்டியிருந்தா இதுல வந்திருக்குமே" என்றேன். பின்னால் வரிசையே நின்றுகொண்டிருந்தது. அவள் முகம் அப்படியே சுருங்கிப் போச்சு. பதில் பேசாமல் போனை எடுத்து ஒரு போட்டோ காட்டினாள். பணம் கட்டின அன்னிக்கு எங்க டெஸ்க் லேப்டாப் ஸ்கிரீனை அப்படியே எடுத்து வைத்திருந்தாள். பச்சை டிக், கீழே 'ரெஜிஸ்ட்ரேஷன் சக்சஸ்ஃபுல்'. அந்தப் பச்சை டிக்கை டிசைன் பண்ணினதே நான்தான்.

நடந்தது இதுதான். ரெண்டு நாள் முன்னாடி லேபில் கரன்ட் போனது, யூபிஎஸ் கைவிட்டது. கரன்ட் வந்த பிறகு போஸ்ட்கிரெஸ் எழுந்திருக்கவே இல்லை. செக்பாயிண்ட் ரெக்கார்டைக் காணோம் என்று ஒரு எர்ரர். இன்டர்நெட்டில் தேடி, லாக்கை ரீசெட் பண்ணுகிற ஒரு கமாண்டை எடுத்து அடித்தேன். சர்வர் எழுந்தது. "வேலை செய்யுது மச்சி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டோம். ஆனால் 27 பேரின் பதிவுகள் காணாமல் போயிருந்தன. காரணமும் நான்தான். லோடு டெஸ்டிங் வேகமாக ஓடணும் என்று எஃப்சிங்க் செட்டிங்கை ஆஃப் பண்ணியிருந்தேன், திரும்ப ஆன் பண்ண மறந்தேன்.

அன்னிக்கு எனக்குப் புரிந்த விஷயம் ஒன்றுதான். டேட்டாபேஸ் கீழே விழுவது தப்பில்லை. விழுந்து எழுந்து வந்து, "எல்லாம் சரியா இருக்கு" என்று பொய் சொல்வதுதான் தப்பு. ஆனால் நம்ம டிபிஎம்எஸ் பேப்பர், லேப், புராஜெக்ட் மூன்றுமே இந்த வித்தியாசத்தைத் தொடாமலே முடிந்துவிடுகின்றன என்பது என் கருத்து.

ரெக்கவரியின் அடிப்படை ரொம்ப எளிது. மாற்றத்தை டேபிளில் எழுதும் முன்னாடி ஒரு குறிப்பில் எழுதி, அந்தக் குறிப்பு டிஸ்க்கில் உறுதியாக இறங்கிய பிறகுதான் 'கமிட்' என்று சொல்ல வேண்டும். இதற்குப் பெயர் ரைட்-அஹெட் லாக், சுருக்கமா வால். (பேருக்கு ஏத்த மாதிரி, தலை போனாலும் வால் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம்.) அவ்வப்போது செக்பாயிண்ட் வரும். அதுவரை நடந்த மாற்றங்கள் எல்லாம் டேபிள் ஃபைல்களில் இறங்கிவிட்டன என்று உறுதியானதும் பழைய வால் தேவையில்லை. கிராஷ் ஆனால் கடைசி செக்பாயிண்ட்டிலிருந்து வாலைத் திரும்ப ஓட்டினால் போதும்.

எங்க 27 பேரைக் காப்பாற்றியதும் இந்த முறைதான். பணம் வாங்கின ஜூனியர் பையன் முதலில் நோட்டில் பேர் எழுதிவிட்டு அப்புறம்தான் டைப் பண்ணுவான். "எதுக்குடா டபுள் வேலை?" என்று நான் கிண்டல் பண்ணிய அதே நோட்டு. நான் ஆஃப் பண்ணி வைத்ததை அவன் பால்பாயிண்ட் பேனாவில் செய்துகொண்டிருந்தான்.

இதை முறைப்படுத்திய ஏரிஸ் அல்காரிதம் நம்ம சிலபஸில் இருக்கிறது. அனாலிசிஸ், ரீடூ, அன்டூ என்று மூன்று கட்டம் எழுதி, ஒரு படம் போட்டால் 13 மார்க். 1992-ல் வந்த அந்தப் பேப்பரின் முதல் ஆசிரியர் சி. மோகன், ஐஐடி மெட்ராஸில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்து, ஐபிஎம்மில் வேலை பார்த்தவர். மனப்பாடம் பண்ணின யாருக்கும் இது தெரியாது, எனக்கும் போன வருஷம் வரை தெரியாது. அதை விடுங்கள். அந்த மூன்று கட்டமும் நிஜத்தில் எங்கே உடையும் என்று யாரும் நம்மிடம் கேட்டதே இல்லை.

உடையும் என்பதற்கு ரெண்டு உதாரணம் சொல்கிறேன். ரெண்டும் போஸ்ட்கிரெஸில் நடந்தவை. அதைக் குறை சொல்ல இல்லை. அவர்கள் தங்கள் தப்புகளை ரிலீஸ் நோட்டில் பொதுவில் எழுதி வைப்பதால்தான் நமக்குத் தெரியவே வருகிறது.

முதலாவது, 2014 மார்ச்சில் வந்த 9.3.4 பதிப்பில் சரிசெய்யப்பட்ட பக். ஒரு வரிசையை ஃபாரின் கீ வழியாக ஒரு டிரான்சாக்‌ஷன் லாக் பண்ணும் அதே நேரத்தில் இன்னொரு டிரான்சாக்‌ஷன் அதை அப்டேட் பண்ணினால், அந்த லாக் விஷயத்தை வாலிலிருந்து திரும்ப ஓட்டும் கோடு தப்பாக இருந்தது. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்வரை எதுவும் தெரியாது. கிராஷுக்குப் பிறகோ ஸ்டாண்ட்பை சர்வரிலோதான் தலைகாட்டும். டேபிளை முழுசாகத் தேடினால் அந்த வரிசை இருக்கும், இன்டெக்ஸ் வழியாகத் தேடினால் இருக்காது. ஒரே கேள்விக்கு ரெண்டு பதில். ஸ்டாண்ட்பை சர்வர்களைப் புதுசாக உருவாக்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

இதில் என்னை உறுத்துவது, எழுதியது சரி, திரும்பப் படித்ததுதான் தப்பு என்பது. சாதாரண டெஸ்ட் எத்தனை ஓட்டினாலும் இது சிக்காது. ஏனென்றால் ரெக்கவரி கோடு தினமும் ஓடாது. எல்லாம் கெட்டுப்போன நாளில் மட்டும்தான் ஓடும்.

இரண்டாவது இன்னும் மோசம். 2018-ல் வெளிவந்தது. செக்பாயிண்ட் சமயத்தில் போஸ்ட்கிரெஸ் டேட்டாவை ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கொடுத்து, எஃப்சிங்க் மூலம் "டிஸ்க்கில் இறக்கிட்டியா?" என்று கேட்கும். எர்ரர் வந்தால் செக்பாயிண்ட்டைக் கைவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்கும். பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது, நாமும் அப்படித்தான் எழுதியிருப்போம். ஆனால் லினக்ஸில், எழுத முடியாமல் போன பக்கங்களை கெர்னல் 'எழுதியாச்சு' என்றே குறித்துவிடும். எர்ரரை ஒரு தடவைதான் சொல்லும். இரண்டாம் தடவை கேட்டால் எழுத எதுவும் பாக்கியில்லை என்பதால் "சக்சஸ்" என்று பதில் வரும். போஸ்ட்கிரெஸ் அதை நம்பி செக்பாயிண்ட் முடிந்தது என்று பதிந்து, பழைய வாலையும் கைகழுவிவிடும். டேபிளிலும் இல்லை, வாலிலும் இல்லை. யாரும் திருடவில்லை, யாரும் அழிக்கவில்லை, ஆனால் டேட்டா போச்சு.

இதற்கு அவர்கள் செய்த ஃபிக்ஸ்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 2019 பிப்ரவரியில் வந்த 11.2-லும், அதே நாளில் வந்த பழைய பதிப்புகளிலும், எஃப்சிங்க் தோற்றால் திரும்ப முயற்சி செய்யாமல் பேனிக் ஆகி சர்வரே வேண்டுமென்றே விழும்படி மாற்றினார்கள். விழுந்தால் கடைசி நல்ல செக்பாயிண்ட்டிலிருந்து வால் ஓடும், அதில் டேட்டா இன்னும் இருக்கிறது. எர்ரர் வந்த பிறகும் அந்தப் பக்கங்களைக் கைவிடாமல் வைத்திருக்கும் ஃப்ரீபிஎஸ்டி போன்ற சிஸ்டங்களுக்காக, பழைய மாதிரி திரும்ப முயலும் ஒரு செட்டிங்கும் வைத்தார்கள். ஆனால் அது தானாக ஆன் ஆகாது.

ஒரு டிஸ்க் எர்ரருக்காக மொத்த சர்வரையும் படுக்க வைப்பதா, பயன்படுத்துகிறவன் என்ன ஆவான் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு ஆஸ்பத்திரி கவுண்டரில் சர்வர் பத்து நிமிஷம் நின்றால் கூட்டம் கத்தும். ஆனால் கத்தும் என்பதுதான் விஷயம், பிரச்சினை இருப்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் ஒரு பதிவு தொலைந்தால், கவுண்டரில் இருப்பவர் நான் அந்தப் பெண்ணிடம் பேசிய மாதிரிதான் பேசுவார்: "கட்டியிருந்தா வந்திருக்குமே." சிஸ்டம் சொல்லும் பொய்க்குப் பழி எப்போதும் எதிரில் நிற்கும் ஆள் மேல்தான் விழும்.

இன்னொரு வாதம், இப்போ எல்லாம் கிளவுட், நமக்கு ஏன் இந்தத் தலைவலி என்பது. கிளவுட்டிலும் அடியில் ஓடுவது இதே போஸ்ட்கிரெஸ்ஸும் மைஎஸ்க்யூஎல்லும்தான். தவிர, பச்சை டிக்கை எப்போ காட்டலாம் என்று முடிவு பண்ணும் கோடு நம்முடையது, அதை எந்த கிளவுட்டும் நமக்காக எழுதாது.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். டிபிஎம்எஸ் லேபில் ஒரே ஒரு எக்ஸ்பெரிமென்ட் சேர்க்கணும். ஒரு விர்ச்சுவல் மெஷினில் டேட்டாபேஸ். வெளியே இருந்து ஒரு ஸ்கிரிப்ட் வரிசையாக எண்களை இன்சர்ட் பண்ணும். 'கமிட்' என்று பதில் வந்த ஒவ்வொரு எண்ணையும் தன் பக்கம் ஒரு ஃபைலில் குறித்துக்கொள்ளும். நடுவில் அந்த விர்ச்சுவல் மெஷினை பவர் ஆஃப் பண்ணணும். வெறுமனே பிராசஸை கில் பண்ணினால் பத்தாது. பிராசஸ் செத்தாலும் கெர்னலின் கேஷ் உயிரோடு இருக்கும், எஃப்சிங்க் ஆஃப் ஆகியிருந்தாலும் பாஸ் ஆகிவிடும். ஆன் பண்ணி, ஃபைலில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் டேபிளில் இருக்கிறதா என்று பார்க்கணும். டேபிளில் ஒன்று கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, கமிட் ஆகி பதில் வந்து சேரும் முன் கரன்ட் போயிருக்கும். ஒன்று குறைந்தால் மட்டும் ஃபெயில். பிறகு எஃப்சிங்கை ஆஃப் பண்ணி அதையே இன்னொரு தடவை.

பெரிய ஆட்களும் இதைத்தான் செய்கிறார்கள். எஸ்க்யூலைட் டீம், எழுதும் நடுவில் கரன்ட் போவதை நடிக்கும் ஒரு பொய் ஃபைல் சிஸ்டத்தை வைத்து டெஸ்ட் பண்ணுகிறது. போஸ்ட்கிரெஸ் 10-லிருந்து, வாலைத் திரும்ப ஓட்டும்போது கிடைக்கும் பக்கம், ஒரிஜினல் பக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கும் வசதி இருக்கிறது. நம்ம லேபில் இதற்குத் தேவை ஒரு மதியம், ஒரு லேப்டாப். ரெக்கார்ட் நோட்டில் நாலு பக்கம் கூட வராது.

அந்தப் பெண்ணிடம் அன்னிக்கே சாரி சொன்னேன். "பரவாயில்ல அண்ணா" என்றாள். இந்த வருஷ ரெஜிஸ்ட்ரேஷன் சிஸ்டத்தை அவளுடைய பேட்ச்தான் செய்கிறது. கோடைக் கொடுத்தபோது கூடவே பவர் ஆஃப் டெஸ்ட் ஸ்கிரிப்ட்டையும் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: "அண்ணா, அந்த நோட்டும் வேணும்ல?"

வேணும்மா. வெச்சுக்கோங்க.