விண்டோஸை அழிக்காதீர்கள், முதலில் எழுதி வையுங்கள்

கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது கொம்பியூட்டர் உறைந்து நின்றால், முதலில் செய்யக் கூடாத வேலை விண்டோஸை அழித்து மறுபடி போடுவது. இரண்டாவது, புதுக் கிராபிக்ஸ் காட் வாங்குவது. எங்கள் பெடியளும் பெட்டைகளும் இந்த இரண்டையும் இதே வரிசையில் செய்கிறார்கள். அதைச் செய்யச் சொல்லிக் கொடுத்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

நான் ஐடி ஆலோசகர். பொறியியலில் முதுகலை வரை படித்தவன். அதனால் ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ எந்தப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும், கையில் றோல்ஸ் தட்டோடு ஒரு தம்பியோ தங்கச்சியோ பக்கத்தில் வந்து நிற்பார். "அண்ணா, பிசி ஃப்ரீஸ் ஆகுது. என்ன மாத்தினா சரி வரும்?" என்பதுதான் கேள்வி. "ஏன் ஃப்ரீஸ் ஆகுது?" என்று கேட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். பழுது என்றால் கடைக்குப் போகிற விஷயம் என்று உங்களைப் பழக்கிவிட்டார்கள்.

இதில் போவது உங்கள் காசு. ஒன்ராறியோவில் 2025 ஒக்டோபர் 1 முதல் அடிப்படைச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 17.60 டொலர். 2000 டொலர் கேமிங் கொம்பியூட்டர் ஒன்று 13% வரியோடு 2260 டொலர் ஆகும். அதாவது 128 மணித்தியாலத்துக்கு மேல் கோப்பிக் கடையில் நின்ற வேலை. பிழையான ஊகத்தில் 700 டொலருக்கு ஒரு காட் வாங்கினால், வரியோடு 791 டொலர். இன்னொரு 45 மணித்தியாலம் போச்சு. கொம்பியூட்டர் அப்போதும் உறைந்துகொண்டுதான் இருக்கும்.

எங்கள் குடும்பத்திலேயே நடந்தது. எனக்குத் தம்பி முறையான ஒருவன் கடைக்குக் கொண்டுபோனான். கடைக்காரர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு "காட் போய்விட்டது" என்றார். புதுக் காட் போட்டும் உறைந்தது. அவனிடம் நான் கேட்டது ஒரே கேள்வி: இது எந்தக் கிழமை தொடங்கியது, அந்தக் கிழமை என்ன மாற்றினாய்? ஏற்கெனவே இருந்த இரண்டு துண்டு டிடிஆர்5 ராமோடு இன்னும் இரண்டு துண்டு போட்டிருக்கிறான். நான்கு துண்டு இருக்கும்போது தாங்கக் கூடிய வேகம் குறையும். பயோஸிலோ பெட்டியில் அச்சடித்த முழு வேகம் போட்டபடி இருந்தது. வேகத்தைக் குறைத்தோம், நின்றது. செலவு ஒன்றுமில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கக் கடைக்காரருக்கு அரை நிமிடம்கூட ஆகியிராது.

"அது சின்னக் கடை, பெரிய நிறுவனங்கள் அப்படிச் செய்யாது" என்று நினைக்கிறீர்களா? இன்டெல் கதையைக் கேளுங்கள். உலகம் முழுக்க கேம் விளையாடுபவர்களின் கொம்பியூட்டர்கள் உறைந்த கதை அது.

2022 ஒக்டோபரில் இன்டெல் 13ஆம் தலைமுறை புரொசெசர்களும், அடுத்த ஒக்டோபரில் 14ஆம் தலைமுறையும் வந்தன. கொஞ்ச மாதம் நன்றாக ஓடிய கொம்பியூட்டர்கள் பிறகு உறையத் தொடங்கின. கேம் தொடங்கும்போதே விழுந்தன. திரையில் வந்த செய்தி என்ன தெரியுமா? "வீடியோ மெமரி போதவில்லை." 24 ஜிபி மெமரி உள்ள காட் வைத்திருந்தவர்களுக்கும் அதே செய்திதான். அதைப் படித்த எவரும் காட்டைத்தான் சந்தேகிப்பார்கள். ஆனால் பழுது காட்டில் இல்லை. கேம் தொடங்கும்போது சுருக்கி வைத்த ஷேடர் கோப்புகளை விரிப்பது புரொசெசரின் வேலை. அது பிழையாகக் கணக்குப் போட்டது. பிழையான விடையை வாங்கிய கேம், தனக்குத் தெரிந்த செய்தியைத் திரையில் போட்டது. குற்றவாளி ஒருவர், பெயர் அடிபட்டது வேறொருவருக்கு.

2024 ஏப்ரலில், இந்தச் செய்தி வந்தால் இன்டெலிடம் கேளுங்கள் என்று என்விடியா தன் வாடிக்கையாளர்களுக்கே சொல்ல வேண்டி வந்தது. இன்டெல் அப்போது மதர்போட் நிறுவனங்களின் பக்கம் விரலை நீட்டியது. அவர்கள் பயோஸில் பாதுகாப்பு எல்லைகளைத் தளர்த்தி வைத்திருக்கிறார்கள் என்றது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் முழு உண்மை அது இல்லை.

அதை உடைத்தது எது? பதிவுகள். லெவல்1டெக்ஸ் என்ற யூடியூப் சனலின் வென்டல், கேம்கள் விழுந்தபோது சேர்ந்த பதிவுகளை 2024 ஜூலையில் எடுத்து அலசினார். சேர்வர்களுக்கென்று செய்த, வேகத்தைக் கூட்டாத, அடக்கமான மதர்போட்களிலும் அதே புரொசெசர்கள் விழுந்திருந்தன. அப்படியென்றால் மதர்போட் அமைப்பை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது? அல்டெரொன் கேம்ஸ் என்ற நிறுவனமும் தன் சேர்வர்களில் நடந்ததை அதே மாதம் வெளியே சொன்னது. ஜூலை 22ஆம் திகதி இன்டெல், தன் மைக்ரோகோட்டே தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்கிறது என்று ஒத்துக்கொண்டது. ஓகஸ்டில் திருத்தம் வந்தது. செப்டம்பரில் மூல காரணத்தைச் சொன்னது: கூடிய வோல்டேஜிலும் சூட்டிலும் புரொசெசருக்குள் இருக்கும் கடிகாரச் சுற்று நாளடைவில் தேய்ந்துபோகிறது. ஏற்கெனவே தேய்ந்த புரொசெசரை அந்தத் திருத்தம் குணமாக்காது.

இந்த இரண்டு வருடத்துக்குள் எத்தனை பேர் விண்டோஸை அழித்துப் போட்டிருப்பார்கள், எத்தனை பேர் நல்ல காட்டைத் தூக்கி எறிந்திருப்பார்கள் என்று யோசியுங்கள். விண்டோஸை அழிக்கும்போது அதற்குள் இருந்த பிழைப் பதிவுகளும் சேர்ந்து அழிகின்றன. திருட்டு நடந்த வீட்டைப் பொலிஸ் வருவதற்கு முன் கழுவித் துடைக்கிற வேலை அது.

அப்படியென்றால் என்ன செய்வது? முதலில் ஒரு கொப்பி எடுங்கள். ஃபோனில் என்றாலும் பரவாயில்லை. ஒவ்வொரு முறையும் நான்கு விஷயம் எழுதுங்கள்: திகதியும் நேரமும், என்ன ஓடிக்கொண்டிருந்தது, எப்படி நின்றது, கடைசியாக என்ன மாற்றினீர்கள்.

"எப்படி நின்றது" என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. எல்லாவற்றையும் "ஃப்ரீஸ்" என்று ஒரே சொல்லில் சொல்லாதீர்கள். படம் நின்று, ஒரே சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டால் அது ஒன்று. சில வினாடி கறுப்பாகி மறுபடி வந்தால், கிராபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லாமல் விண்டோஸ் அதை மறுபடி தொடக்கியிருக்கலாம். விண்டோஸ் அதற்குக் கொடுக்கும் நேரம் வழக்கமாக 2 வினாடி. சட்டென்று கரண்ட் போனதுபோல் ஒஃப் ஆகினால் பவர் சப்ளையையும் சுவர் பிளக்கையும் பாருங்கள். குளிர்காலத்தில் பேஸ்மென்ட் அறையில் 1500 வாட் ஹீட்டரும் அதே லைனில் ஓடுகிறதா? 120 வோல்ட்டில் அது 12.5 அம்பியர் இழுக்கும். 15 அம்பியர் லைனில் உங்கள் கொம்பியூட்டருக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். நேரத்தை எழுதி வைத்தால், ஹீட்டர் போட்ட இரவுகளில் மட்டும் நடக்கிறதா என்று தானாகத் தெரியும்.

பிறகு விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறவுங்கள். அங்கே "கேர்னல் பவர் 41" என்று ஒன்று இருக்கும். அதைப் பார்த்ததும் "பவர் சப்ளையை மாற்று" என்று சொல்ல ஒரு கூட்டமே இருக்கிறது. அந்த வரி சொல்வது, கொம்பியூட்டர் ஒழுங்காக மூடப்படாமல் நின்றது என்று மட்டும்தான். ஏன் நின்றது என்று அது சொல்லாது. உங்களுக்குத் தெரிந்ததைத்தான் அது திருப்பிச் சொல்கிறது! அதற்குப் பக்கத்தில் "வியா லொகர்" என்று வந்தால் கவனியுங்கள். அது வன்பொருளே கொடுத்த முறைப்பாடு.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ராம் வேகத்தைக் குறைத்து, டிரைவரைப் புதுப்பித்து, ஃபானையும் துடைத்து, மூன்றையும் ஒரே பின்னேரத்தில் செய்தால், சரி வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. திரும்பி வரும்போது மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

பொறுமையாகக் காத்திருப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கொம்பியூட்டர் சராசரியாக 2 நாளுக்கு ஒரு முறை உறைகிறது என்று வையுங்கள். எதையோ மாற்றிவிட்டு 2 நாள் உறையவில்லை என்றால் "சரி வந்திட்டுது" என்று துள்ளாதீர்கள். நீங்கள் ஒன்றுமே மாற்றாமல் இருந்தாலும் 2 நாள் சும்மா தப்பிப்பதற்கு 37% வாய்ப்பு இருக்கிறது. சராசரியின் மூன்று மடங்கு, அதாவது 6 நாள், உறையாமல் ஓடினால் அந்த வாய்ப்பு 5%க்கு இறங்கிவிடும். அப்போது நம்பலாம்.

"அண்ணா, எனக்கு நேரம் இல்லை, விண்டோஸை மறுபடி போட்டால் சில நேரம் சரி வருகிறதே" என்பீர்கள். வரும்தான். டிரைவர் குழம்பியிருந்தால் சரி வரும். அப்படியென்றாலும் அதைக் கடைசியில் செய்யுங்கள், பதிவுகளை வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள். கொப்பியில் நான்கு வரி எழுத ஒரு நிமிடம் போகும். விண்டோஸையும் 100 ஜிபி கேம்களையும் மறுபடி இறக்க ஒரு முழு நாள் போகும். நேரம் இல்லாதவர் எதைச் செய்ய வேண்டும்?

இனி பெரியவர்களிடம் ஒரு வார்த்தை. "விடிய விடிய கேம் விளையாடினா கொம்பியூட்டர் பழுதாகாம என்ன செய்யும்?" என்று கேட்கிற மாமாமாரே, அன்ரிமாரே, கேம் விளையாடத்தான் அந்தச் சாமானை விற்றார்கள். அது உறைந்தால் விற்றவரையும் செய்தவரையும் கேள்வி கேட்க வேண்டும். பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால், அடுத்த முறை பழுது வரும்போது அவன் உங்களிடம் சொல்லாமல் கடனட்டையில் காட் வாங்குவான். உறைந்த கொம்பியூட்டரின் காரணத்தைக் கண்டுபிடிக்கும் பிள்ளை படிப்பைவிட்டு விலகிப் போகவில்லை. நான் வேலையில் சம்பளம் வாங்குவதே இந்த யோசிக்கிற முறைக்குத்தான்.

இதெல்லாம் தூர தேசத்து விஷயம் என்றும் நினைக்க வேண்டாம். 1985இல் ஹொங்கொங்கில் இருந்து வந்த குடியேறிகள் ரொறன்ரோ பகுதியில் தொடங்கிய ஏரிஐ நிறுவனம்தான் பிறகு ரேடியொன் காட்களைச் செய்தது. மார்க்கத்தில் வளர்ந்த அந்த நிறுவனத்தை ஏஎம்டி 2006இல் 5.4 பில்லியன் அமெரிக்க டொலருக்கு வாங்கியது. ஏஎம்டி இன்றும் மார்க்கத்தில் இருக்கிறது. எங்கள் சனம் இடியப்பமும் புடவையும் வாங்கப் போகிற அதே ஊரில்.

சட்டமும் உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. விற்கும் சாமானின் தரம் பற்றிச் சட்டம் தரும் உத்தரவாதத்தை, ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி நீக்கிவிடக் கடைக்காரருக்கு உரிமையில்லை என்கிறது ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2024 நவம்பரில் கனடா தன் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பழுதைக் கண்டறியவும் திருத்தவும் டிஜிட்டல் பூட்டுகளைத் தாண்ட இடம் கொடுத்தது. ஃபோன்களையும் வாகனங்களையும் பூட்டி வைத்திருக்கும் காலத்தில், ஒரு திருகாணிக் கட்டையோடு நீங்களே திறந்து பார்க்கக் கூடிய சாமான் டெஸ்க்டொப். திறந்து பார்க்காமல் அதைக் கடையில் ஒப்படைப்பது பெரிய வீண்.

கடைசியாக, உங்களிடம் இன்டெல் 13 அல்லது 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் இருந்தால் இன்றைக்கே இரண்டு வேலை. ஐ5-13600கே முதல் ஐ9-14900கேஎஸ் வரை 24 மொடல்களுக்கு உத்தரவாதத்தை இன்டெல் 2 வருடம் நீட்டி 5 வருடம் ஆக்கியிருக்கிறது. 2022 ஒக்டோபரில் வாங்கியவருக்கு அது 2027 ஒக்டோபரில் முடியும். ரசீதைத் தேடி எடுங்கள். ஒன்றாகக் கட்டிய கொம்பியூட்டராக வாங்கியிருந்தால், விற்ற நிறுவனத்திடம் கேளுங்கள். அடுத்தது, மதர்போட் நிறுவனத்தின் தளத்துக்குப் போய்ப் புது பயோஸை எடுத்துப் போடுங்கள். கேட்காதவருக்கு யாரும் புரொசெசரை வீட்டுக்குக் கொண்டுவந்து மாற்றித் தரப்போவதில்லை. கேட்கும்போது கையில் திகதி, நேரம், பிழைச் செய்தி எழுதிய அந்தக் கொப்பி இருக்கட்டும்.