ஒரே தாளில் அடங்கும் ஃபயர்வால்

மலேசியாவின் கிள்ளானில், தெங்கு கிளானா சாலைக்குப் பக்கத்தில், மாடியில் இயங்கும் ஒரு கணக்காளர் அலுவலகத்தின் ஃபயர்வாலை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பழைய கணினி ஒன்று, அதில் இரண்டு நெட்வொர்க் கார்டு, டெபியன் லினக்ஸ். ஒரு பக்கம் ஆறு கணினி, மறுபக்கம் இணையம். சம்பளத்துக்கு ஆள் வைக்க அவர்களுக்குக் கட்டாது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்வருவேன்.

தொடக்கத்தில் மிகக் கண்டிப்பாக இருந்தேன். உள்ளிருந்து வெளியே போவதைக்கூட முகவரி பார்த்துத்தான் அனுமதித்தேன்: வங்கி, ஊழியர் சேமநிதியான இபிஎஃப், சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ, வருமான வரி வாரியம். ஆனால் இந்தத் தளங்கள் சர்வர் முகவரியை மாற்றும்போது யாரிடமும் சொல்லிவிட்டு மாற்றுவதில்லை. சந்தா கட்டக் கடைசி நாள் 15. சரியாக 13ஆம் தேதி முதலாளியம்மா கூப்பிடுவார். "தம்பி, இபிஎஃப் திறக்கவே மாட்டேங்குது. நாளைக்கழிச்சு கடைசி நாள்." அவசரமாக ஒரு வரி சேர்ப்பேன். இப்படியே விதிகள் 140 ஆயின.

2020 மார்ச் 18. கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. ஊழியர்கள் வீட்டிலிருந்தே அலுவலகக் கணினிக்குள் நுழைய வேண்டியிருந்தது. விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிட்டேன், இரண்டே வாரத்துக்கு என்று நினைத்து. அது திறந்தே கிடந்ததை 2022இல்தான் கண்டேன். யார் யாரோ கடவுச்சொல்லை ஊகித்து முட்டிப் பார்த்த தடயங்கள் அந்தக் கணினியில் பக்கம் பக்கமாக இருந்தன. யாரும் நுழையவில்லை. ஆனால் எத்தனையோ குடும்பங்களின் சம்பளக் கணக்கும் அடையாள அட்டை எண்ணும் அதில் இருந்தன. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 140 வரிகளை யார் படிப்பார்கள்? நானே படிக்கவில்லை. என் கண்டிப்பே அந்த ஓட்டையை மறைத்து வைத்திருந்தது.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு, லினக்ஸின் புதிய ஃபயர்வால் கருவியான என்எஃப்டேபிள்ஸில் புதிதாக எழுதினேன். முப்பது வரிக்குள் முடிந்தது. வெளியிலிருந்து தானாக வரும் எதற்கும் அனுமதியில்லை. உள்ளிருந்து கேட்டதற்கான பதில் மட்டும் வரலாம். பழைய ஐபிடேபிள்ஸில் ஐபிவி4க்கு ஒரு பட்டியல், ஐபிவி6க்குத் தனிப் பட்டியல். இரண்டாவதை மறந்துவிட்ட அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். என்எஃப்டேபிள்ஸில் ஒரே பட்டியல் இரண்டுக்கும் போதும்.

வீட்டிலிருந்து நுழைய மட்டும் ஒரே விலக்கு: வயர்கார்ட் என்ற விபிஎன். கட்டுப்பாட்டு ஆணை வந்து பதினோரு நாள் கழித்து, மார்ச் 29 அன்று வெளியான லினக்ஸ் 5.6இல்தான் அது கெர்னலோடு சேர்ந்தது. சரியான சாவி இல்லாதவருக்கு அது பதிலே சொல்லாது. துழாவுகிறவருக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது.

வெளியே போவதை, மின்னஞ்சல் அனுப்பும் 25ஆம் போர்ட் (ஸ்கேனருக்கு மட்டும் விலக்கு) தவிர, திறந்துவிட்டேன். இதற்கு விலை உண்டு. உள்ளே ஒரு கணினி கெட்டால், அது தரவை வெளியே கடத்துவதை இந்த ஃபயர்வால் தடுக்காது. தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டேன், வாராவாரம் தனி டிஸ்க்கில் பேக்கப் எடுத்துக் கழற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

பாதுகாப்புத் திருத்தங்கள் தினமும் தாமாகவே ஏறும், ஞாயிறு விடியற்காலை ரீபூட் ஆகும். என்றைக்காவது ஒரு திருத்தம் எதையாவது கெடுத்துவிடலாம் என்று நண்பர்கள் எச்சரிக்கிறார்கள். உண்மைதான். ஆனால் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சிலேயே திருத்தம் வெளியிட்டது. தாக்குதல் வந்தது மே 12இல். இடைவெளி இரண்டே மாதம். நான் கிள்ளான் போவதோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

ஒவ்வொரு விதியின் பக்கத்திலும் யார் கேட்டது, எதற்கு, எந்தத் தேதி என்று எழுதி, அச்சிட்டு, அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறேன். சென்ற முறை போனபோது முதலாளியம்மா அதைப் படித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஸ்கேனர் மெயில் அனுப்ப 25ன்னு போட்டிருக்கே. அந்த ஸ்கேனரை நாங்க போன வருஷமே தூக்கிப் போட்டுட்டோமே?"

அந்த வரியை அழித்தேன். புதிய தாளை அவரே ஒட்டினார்.